கணவர் தைக்கு வருகிறார், மாதவிடாய் வந்து ஐந்து மாதம்

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 48. கணவருக்குக் கட்டாரில் வேலை. சித்திரை வருடப்பிறப்புக்கு வந்து நாற்பது நாள் நின்றுவிட்டுப் போனவர், தைப்பொங்கலுக்கு மறுபடி வருகிறார். மே முதல் வாரத்துக்குப் பிறகு இவருக்கு மாதவிடாய் இல்லை. இப்போது செப்டெம்பர் முடிகிறது. இரவில் உடம்பு கொதித்து வியர்க்கிறது. தனியார் ஆய்வுகூடத்தில் எஃப்.எஸ்.எச். (சூலகத்தைத் தூண்டும் ஹோர்மோன்) இரத்தப் பரிசோதனை செய்ததில் 'கூட' என்று வந்திருக்கிறது. பிறசருக்கு லொசார்டன் குளிசை எடுக்கிறார். "உனக்கு நின்று போச்சு பிள்ளை, இனிப் பயமில்லை" என்கிறாராம் மாமி. மூத்த மகளுக்கு வயிற்றில் ஏழு மாதம். "மகள் முழுகாமல் இருக்கிற நேரம் எனக்கும் ஏதும் தங்கிவிட்டால் ஊருக்குள் தலைகாட்ட ஏலாது. இனியும் கருத்தடை தேவையா?" என்பது கேள்வி. கடிதத்தின் அடியில் மச்சாளைப் பற்றியும் ஒன்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, நீங்கள் தைப்பொங்கலை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எனக்குச் சித்திரைதான் கண்ணில் படுகிறது. கடைசி மாதவிடாய் மே முதல் வாரம், கணவர் போனது அதற்கு இரண்டு கிழமை கழித்து. அந்த இடைவெளி கரு தங்கப் போதுமானது. ஆகவே இன்றைக்கே பாமசியில் கர்ப்பம் பார்க்கும் ஸ்ட்ரிப் ஒன்று வாங்கி, நாளைக் காலை முதல் சிறுநீரில் பாருங்கள். 48 வயதில் தானாகக் கரு தங்குவது மிக அரிது. ஒரு கோடு, அதாவது கரு இல்லை என்று, வருவதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் ஐந்தாம் மாதத்து அசைவை வாயு என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தாய்மாரையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு கோடுதான் வந்தாலும் வயிறு பெருப்பதாகத் தோன்றினால் ஸ்கான் செய்துவிடுங்கள்.

இரண்டு கோடு வந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். அன்றைக்கே உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள், வைத்தியரிடம் போங்கள். முதற் காரணம் லொசார்டன். கர்ப்பத்தில், அதுவும் நாலாம் மாதத்துக்குப் பிறகு, அது பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உடனே வேறு குளிசைக்கு மாற்ற வேண்டும். நீங்களாக நிறுத்திவிட்டுப் பிறசரை ஏறவும் விடக் கூடாது. 45 தாண்டித் தங்கும் கருக்களில் பாதிக்கு மேல் கலைந்துவிடுகின்றன. டவுன் குறைபாடு 45 வயதில் ஏறக்குறைய முப்பதில் ஒன்று. தாய்க்குப் பிறசரும் கர்ப்பகாலச் சீனி வருத்தமும் கூடும். இலங்கைச் சட்டத்தில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்கு இடமுண்டு. மறைவாகச் செய்கிறவர்களிடம் போய் உயிரை விடாதீர்கள். மகளும் தாயும் ஒரே கிளினிக் வாங்கில் இருந்தால் ஊர் ஒரு மாதம் கதைக்கும், பிறகு வேறு கதைக்குப் போய்விடும்.

இனி மாமியின் கூற்று. மாதவிடாய் முற்றாக நின்றது என்பதைத் திரும்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராவிட்டால்தான் அந்தப் பெயர். அதற்கு முந்திய நாலைந்து வருடம் சூலகம் அணையப்போகிற விளக்குப் போல. மூன்று மாதம் சும்மா இருக்கும், நாலாம் மாதம் ஒரு முட்டையை விடும். முட்டை வந்து இரண்டு கிழமை கழித்துத்தான் மாதவிடாய். அதனால் 'வரவில்லை' என்று நம்பியிருக்கிற நாட்களிலேயே கரு தங்கலாம். உடம்பு கொதிப்பதும் வியர்ப்பதும் இந்த இடைக்காலத்திலேயே தொடங்கிவிடும். எஃப்.எஸ்.எச். அளவும் அப்படித்தான், இந்த மாதம் ஏறி அடுத்த மாதம் இறங்கும். ஒரு தாளை வைத்துக் கருத்தடையை விட முடியாது. அந்தக் காசை நீங்கள் மிச்சம் பிடித்திருக்கலாம்.

மாதவிடாய் 50 வயதுக்கு முன் நின்றால், கடைசியாக வந்த நாளிலிருந்து இரண்டு வருடம் கருத்தடை வேண்டும். 50க்குப் பிறகு நின்றால் ஒரு வருடம் போதும். 55 ஆனதும் யாரும் விட்டுவிடலாம். இடையில் ஒருமுறை வந்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். உங்களுக்குத் தைக்கு எட்டு மாதம்தான் ஆகியிருக்கும்.

பிறசர் உள்ளதால் இரண்டு ஹோர்மோன் கலந்த கருத்தடைக் குளிசை உங்களுக்குச் சரிவராது. நாள் எண்ணும் முறையை நம்பவே வேண்டாம், எண்ணுவதற்கு நாள் ஒழுங்காக வர வேண்டுமே! மூன்று மாத ஊசி எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும், இந்த வயதில் அதை முதல் தெரிவாக்க மாட்டேன். வருடத்தில் நாற்பது நாள் என்றால் ஆணுறையே போதும், ஒவ்வொரு முறையும் போட வேண்டும். அதற்குக் கணவர் ஒத்துவரமாட்டார் என்றால் கர்ப்பப்பைக்குள் வைக்கும் செப்பு லூப். 40க்குப் பிறகு போட்டதை இடையில் மாற்றத் தேவையில்லை, மேலே சொன்ன கணக்கு முடியும் வரை இருக்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் குடும்பத்திட்டக் கிளினிக்கில் இலவசமாகப் போடுவார்கள். கொதிப்புக்கு வைத்தியர் ஹோர்மோன் தந்தாலும் அது கருத்தடை ஆகாது.

பன்னிரண்டு மாதம் வராமலிருந்து பிறகு சொட்டு இரத்தம் கண்டாலும் 'திரும்ப வந்துவிட்டது' என்று இருந்துவிடாதீர்கள். கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக அது இருக்கலாம்.

மச்சாளுக்கு 51 வயது, பிள்ளையில்லை, மாதவிடாய் நின்று மூன்று வருடம். சென்னையில் சோதனைக் குழாய்க் குழந்தைச் சிகிச்சை செய்து தருவதாக ஒரு முகவர் சொல்கிறாராம். நின்ற பிறகும் கர்ப்பப்பைக்கு ஹோர்மோன் கொடுத்துத் தயார்ப்படுத்தலாம். இல்லாமல் போவது முட்டைதான். ஆகவே வேறொரு இளம் பெண்ணின் முட்டையில்தான் அந்தப் பிள்ளை உருவாகும். பல முகவர்கள் இதைக் கடைசி வரை சொல்வதில்லை. அந்தப் பிள்ளையும் நம் பிள்ளைதான் என்று சந்தோசமாக வளர்க்கிறவர்கள் உண்டு. பெரும்பாலான சுன்னி மார்க்க அறிஞர்கள் அனுமதிப்பதில்லை என்பதால் காத்தான்குடி, கல்முனைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் இதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது. 2019இல் ஆந்திராவின் குண்டூரில் எழுபது கடந்த ஒருவர் இரட்டைப் பிள்ளை பெற்றதை முகவர் காட்டுவார். அதற்குப் பிறகு, 2021இல், இந்தியா சட்டம் கொண்டுவந்தது. இந்தச் சிகிச்சைக்குப் பெண்ணுக்கு வயது எல்லை 50. மச்சாள் அதைத் தாண்டிவிட்டார். முற்பணம் கேட்கிற முகவரிடம், முட்டை யாருடையது, எந்தச் சட்டத்தின் கீழ் செய்கிறீர்கள் என்ற இரண்டையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.