சூரியப் புயலும் மழைக் கணக்கும் – கடிதம்

அன்புள்ள சார்,

சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறேன். போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு ஆடியோ வந்தது. சூரியனிலிருந்து புயல் கிளம்பிவிட்டதாம். இரவு பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை கைபேசியை அணைத்துத் தள்ளி வைக்க வேண்டுமாம். சீக்கிரமே உலகம் முழுக்க இணையம் மாதக்கணக்கில் படுத்துவிடுமாம். அம்மா பயந்துபோய் எல்லோர் போனையும் அணைக்க வைத்துவிட்டார். (இன்னமும் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் போன் நம்பர் எழுதி வைக்கிற ஆள் அவர்.) தேடிப் பார்த்தால் 1859இல் இப்படி ஒன்று நடந்தது உண்மைதான் என்று தெரிகிறது. மறுபடி வந்தால் என்ன ஆகும்? நாம் எப்படித் தயாராவது? நம் முன்னோர் சூரியனை வணங்கியது இதெல்லாம் தெரிந்துதானா? இன்னொன்று, தப்பாக நினைக்காதீர்கள். ஒருமுறை எல்லாம் மொத்தமாக அணைந்துபோனால் நல்லதுதானோ என்றும் தோன்றுகிறது. மனிதர்கள் பழையபடி திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்களே?

எஸ்., சென்னை

அன்புள்ள தம்பி,

தப்பாகத்தான் நினைத்தேன். கடிதத்தை இரண்டு நாள் அப்படியே வைத்துவிட்டு, கோபம் ஆறிய பிறகு எழுதுகிறேன். சரியாக ஆறவில்லை.

எல்லாம் அணைந்தால் திண்ணைக்கு வருவோம் என்று ஒருவர் எழுதினால் அவர் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்று அர்த்தம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின் டெல்டாவில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்தான். ஜெனரேட்டர் எந்தத் தெருவுக்கு வந்திருக்கிறது, தண்ணீர்த் தொட்டியை எப்போது நிரப்புவார்கள், கிழவியின் இன்சுலினை எங்கே கொண்டுபோய்க் குளிரில் வைப்பது என்றெல்லாம். நீங்கள் கற்பனை செய்த திண்ணைப் பேச்சு இதுவல்ல என்று நினைக்கிறேன். அது வெறும் காற்று செய்த வேலை. சூரியன் செய்ததற்கும் உதாரணம் இருக்கிறது. 1989 மார்ச் 13, அதிகாலை இரண்டே முக்கால் மணிக்குக் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின்சாரம் போனது. ஒன்றரை நிமிடத்தில் மொத்த வலையும் விழுந்தது. 60 லட்சம் பேருக்குச் சுமார் ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை. அங்கே மார்ச்சிலும் பனிதான். ஹீட்டர் நின்றுபோன வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டிருந்தவரிடம் போய்த் திண்ணையைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள்.

முன்னோர் கேள்வியை விட்டுவிடுகிறேன். பொங்கல் வைப்பதற்குக் காந்தப்புயல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அந்த ஆடியோ விஷயம் பழைய சரக்கு. அதே பன்னிரண்டரை, அதே மூன்றரை, பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள்: சூரியப் புயலுக்குக் கைபேசி ஒரு பொருட்டே அல்ல. அதற்கு வேண்டியது நீளமான கம்பி. சூரியனிலிருந்து மின்னூட்டத் துகள்களின் மேகம் ஒன்று காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு வந்து மோதும்போது பூமியின் காந்தம் ஆட்டம் காண்கிறது. காந்தம் ஆடினால் கம்பியில் மின்சாரம் ஓடும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கையகலப் பொருளில் அது ஒன்றுமேயில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் உயரழுத்தக் கம்பியில் அது கணிசம். தரையிலிருந்து ஏறி டிரான்ஸ்ஃபார்மருக்குள் புகுந்து அதைச் சூடாக்கும். கியூபெக்கில் பாதிக்கு மேல் கருங்கல் பாறை. மின்சாரம் பூமிக்குள் சுலபமாக இறங்காது, கம்பியைத் தேடி வரும். நாம் துருவத்திலிருந்து வெகுதூரத்தில் இருப்பதால் அந்த அளவு ஆபத்து நமக்கில்லை. கடலடி கேபிளில் ஓடுவது ஒளி, கண்ணாடி இழைக்குப் புயல் உறைக்காது. ஆனால் அந்த ஒளிக்கு வழியில் தெம்பேற்றும் பெட்டிகளுக்குக் கேபிளோடு கூடவே மின்சாரம் போகிறது. விஞ்ஞானிகள் கவலைப்படுவது அந்தப் பெட்டிகளைப் பற்றி, அதுவும் வடக்கே அட்லாண்டிக்கைக் கடக்கிற கேபிள்களைப் பற்றித்தான்.

நமக்கு வேறு தொல்லை. நில நடுக்கோடு போலப் பூமியின் காந்தத்துக்கும் ஒரு நடுக்கோடு உண்டு. அந்தப் புவிகாந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பாவில் 1963இல் ராக்கெட் தளம் அமைத்ததற்கு அதுதான் காரணம். எங்கள் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வுக்கூடம் ஒன்று இருப்பதற்கும் அதுதான் காரணம். இந்தக் கோட்டை ஒட்டிய வானத்தில், பொழுது சாய்ந்த பிறகு, மின்னூட்டத் துகள்கள் நிறைந்த மேல்வளியான அயனி மண்டலத்தில் குமிழ் குமிழாகக் கிளம்பும். ஜிபிஎஸ் சிக்னல் அதன் வழியாக வரும்போது தடுமாறும். 2024 மே மாதப் புயலில் அமெரிக்காவில் சோளம் விதைத்துக்கொண்டிருந்த டிராக்டர்கள் வரிசை தெரியாமல் வயலில் நின்றன. அதே இரவு லடாக்கில் ஹான்லே வானம் சிவந்தது. 2022 பிப்ரவரியில் இதைவிடச் சின்னப் புயல். மேல்வளி சூடாகி உப்பியதில், ஏவி ஒரு நாள்கூட ஆகாத ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் 49இல் 38 கீழே விழுந்து எரிந்தன.

இவ்வளவு போதும். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு ஒரு வரி. 1859இல் நடந்தது உண்மைதான் 'என்று தெரிகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படித் தெரிகிறது, தம்பி?

அந்த வருடம் செப்டம்பர் 1ஆம் தேதி இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் என்பவர் சூரியனின் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். திரையில் விழுந்த பிம்பத்தில் திடீரென்று இரண்டு வெள்ளைப் பொட்டுகள் பளீரிட்டன. சாட்சிக்கு ஆள் தேடி ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்தால் ஒளி பாதி அடங்கிவிட்டிருந்தது. (இன்று என்றால் ஓடியிருக்க மாட்டார், ரீல்ஸ் எடுத்திருப்பார்.) பதினேழு பதினெட்டு மணி நேரத்தில் புயல் பூமிக்கு வந்தது. பாஸ்டனுக்கும் போர்ட்லாந்துக்கும் இடையே தந்தி அடித்துக்கொண்டிருந்தவர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கம்பியில் தானாக ஓடிய மின்சாரத்தை வைத்தே இரண்டு மணி நேரம் செய்தி அனுப்பினார்கள். இந்தக் கதையை எல்லாக் கட்டுரையிலும் படித்திருப்பீர்கள்.

நான் சொல்ல வருவது அதில்லை. அந்தப் புயல் எவ்வளவு பெரியது? ஐரோப்பாவின் கருவிகள் புகைப்படத் தாளில் கோடு இழுப்பவை. முக்கியமான நேரத்தில் கோடு தாளைவிட்டே வெளியே போய்விட்டது. முழுக்கணக்கு பம்பாயில், கொலாபா காந்த ஆய்வகத்தில் கிடைத்தது. அங்கே தானியங்கி எதுவும் இல்லை. ஆள் உட்கார்ந்து, கண்ணால் பார்த்து, கையால் எழுத வேண்டும். காந்த ஊசி சும்மா இருக்கும் நாளில் மணிக்கொரு தரம். ஆட ஆரம்பித்தால் சில நிமிடங்களுக்கொரு தரம். செப்டம்பர் 2ஆம் தேதி பகல் வேளையில் அங்கே உட்கார்ந்திருந்தவருக்கு இங்கிலாந்தில் என்ன பளீரிட்டது என்று தெரியாது. வேலையை ஒழுங்காகப் பார்த்தார், அவ்வளவுதான். காந்தப்புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) சரிந்ததை எழுதி வைத்தார். கியூபெக்கைச் சாய்த்த 1989 புயலை அளக்கும் எண், உலகச் சராசரியாக, 600 நானோடெஸ்லாவுக்குக் கீழே. 2003இல் அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் சுருதானி, இந்தியாவின் குர்பக்ஷ் லக்கினா, சோபனா அலெக்ஸ் ஆகியோர் அந்தப் பழைய ஏட்டைத் தூக்கிவைத்துக் கணக்குப் போட்டார்கள். அதன் பிறகுதான் அந்தப் புயலின் உடம்பு உலகத்துக்கு எண்ணாகத் தெரிந்தது. நூற்று நாற்பத்து நான்கு வருடம் அந்த ஏடு கரையான் தின்னாமல், எடைக்குப் போகாமல் இருந்திருக்கிறது. பம்பாய்க்கு மின்சார டிராம் வரப்போகிறது, ஊசி கலங்கும் என்று தெரிந்ததும் 1904இல் பம்பாய்க்குத் தெற்கே அலிபாக்கில், இரும்பு கலக்காத போர்பந்தர் கல்லால் புதுக் கட்டடம் கட்டினார்கள். இரண்டு இடத்திலும் சில காலம் சேர்த்தே அளந்தார்கள், தொடர்ச்சி அறுந்துவிடக் கூடாது என்று. எனக்கு இதுதான் அதிசயம். வெள்ளைப் பொட்டு யார் கண்ணிலும் படலாம்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், என் அப்பா ஓர் அணைக்கட்டில் லஸ்கராக இருந்தவர். மடை திறப்பது, அடைப்பது, நீர்மட்டம் பார்ப்பது. கூடவே மழைமானி. தினமும் காலை எட்டரைக்கு அதன் புனலைக் கழற்றி, உள்ளிருக்கும் பாட்டிலை எடுத்து, அளவு ஜாடியில் ஊற்றிக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவார். சித்திரை வைகாசியில் பாட்டிலுக்குள் ஒரு எறும்பு இருக்கும். அப்போதும் கழற்றுவார், பார்ப்பார், 0.0 என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஏன்ப்பா, வானத்தைப் பார்த்தாலே தெரியுமே என்று கேட்டிருக்கிறேன். "பெய்யலைங்கதையும் யாராவது சொல்லணும்லா" என்றார்.

1992 நவம்பர், தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்ததே, அந்த மழை. ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பினார். காலை வரை விட்டால் பாட்டில் நிரம்பி வழிந்துவிடும், கணக்கு தப்பிவிடும். நான் டார்ச்சும் குடையுமாகக் கூடப் போனேன். அப்பாவை நனையவிடக் கூடாது என்று குடையை அவர் தலைக்குப் பிடித்தேன். "எனக்கு எதுக்குல? ஜாடிக்குப் பிடி" என்று சத்தம் போட்டார். ஊற்றும்போது ஜாடிக்குள் மழை விழுந்தால் அதுவும் சேர்ந்துவிடுமாம். ஜாடி குடைக்குக் கீழே, நாங்கள் இரண்டு பேரும் வெளியே. ஜாடி நிரம்ப நிரம்ப நான் எண்ணினேன், அவர் சிகரெட் அட்டையில் பென்சிலால் கோடு போட்டார். பேனா மை கரையும் என்று பென்சில். விடிவதற்குள் இன்னும் இரண்டு தடவை போனோம். கொலாபாவைப் பற்றிப் படித்த அன்று, சில நிமிடங்களுக்கொரு தரம் என்ற இடத்தில் எனக்கு அந்த ஜாடிதான் ஞாபகம் வந்தது.

அப்பா ஓய்வு பெற்றபின் அந்த அலுவலகம் வேறு கட்டடத்துக்குப் போனது. பழைய ரிஜிஸ்டர்களை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். சேதி சொல்லப் போனவன் நான்தான். அப்பா கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை தடவிக்கொண்டிருந்தார். "கிலோ என்ன விலைக்குப் போட்டானுவளாம்?" என்று மட்டும் கேட்டார். நான் சொன்னேன். அப்புறம் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

கொடைக்கானல் போயிருப்பீர்கள். படகு விட்டிருப்பீர்கள், தூண் பாறையில் போட்டோ எடுத்திருப்பீர்கள். 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகத்துக்குப் போனீர்களா? 1904 முதல் மேகம் விட்ட நாளெல்லாம் அங்கே சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஜான் எவர்ஷெட் 1909இல் அங்கேதான் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்று இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலம் பதினைந்து லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், பூமிக்கும் சூரியனுக்கும் இடையே எல்1 என்கிற இடத்திலிருந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை ஏவியபோது திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். 2023 செப்டம்பர் 2 அன்று ராக்கெட் கிளம்பியபோது எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். நீங்களும் வைத்திருப்பீர்கள், நானும் வைத்தேன். 2012 ஜூலையில் 1859க்கு இணையான ஒரு புயல் பூமியின் சுற்றுப்பாதையைக் கடந்து போனது. சுமார் ஒரு வாரம் முன்னால் கிளம்பியிருந்தால் நம் மேலேயே வந்திருக்கும். அதற்கு யாரும் ஆடியோ அனுப்பவில்லை. ஒரு விண்கலம் அதன் பாதையில் இருந்து அளந்தது. அதனால்தான் நமக்குத் தெரியும். உலகம் அழியும் என்று சொன்னால் ஆயிரம் பேருக்கு அனுப்புகிறீர்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், எதையாவது அளந்து தேதி போட்டு எழுதியிருக்கிறீர்களா? உங்கள் வேலையே தரவுதான் என்கிறார்கள். உங்கள் தெருவில் போன வருடம் எத்தனை நாள் மழை என்று கேட்டால் கூகுளைத்தான் கேட்பீர்கள்.

சரி, எப்படித் தயாராவது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போய்விட்டேன். கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். எப்படியும் புயல் மழைக்கு ஆகும். மின்வலையைக் காப்பது, எந்த நேரத்தில் எந்த டிரான்ஸ்ஃபார்மரின் சுமையைக் குறைப்பது என்பதெல்லாம் அந்த வேலைக்கென்று இருப்பவர்கள் பாடு. கியூபெக்காரர்கள் அந்த ஒரு இரவுக்குப் பிறகு நிறையத் திருத்திக்கொண்டார்கள். சூரியன் வெடித்ததும் வெளிச்சம் எட்டு நிமிடத்தில் வரும், புயல் வரப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். எல்1 தாண்டிய பிறகு ஒரு மணி நேரம்கூட மிஞ்சாது. அந்த ஒரு மணி நேரத்துக்காக ராத்திரி பகலாக ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அம்மாவின் காலண்டர் அட்டையைப் பற்றி அடைப்புக்குறிக்குள் போட்டுச் சிரித்திருக்கிறீர்கள். இந்த ஞாயிறு ஊருக்குப் போனால் அதை எடுத்துப் பாருங்கள். எல்லோர் நம்பரும் இருக்கும். உங்களுடையது இருக்காது என்று நினைக்கிறேன், அது அவருக்கு மனப்பாடமாக இருக்கும். அவருடைய நம்பர் உங்களுக்குப் போனைப் பார்க்காமல் தெரியுமா?