காலை அசைக்காத குழந்தை

கேள்வி: என் மகன் 30 வாரத்தில், 1.2 கிலோ எடையில் பிறந்தான். ஐந்து வாரம் இன்குபேட்டரில் இருந்தபோது ரத்தத்தில் பூஞ்சைத் தொற்று வந்து, மருந்து கொடுத்துச் சரியானது. வீட்டுக்கு வந்த ஒரு மாதத்தில் வலது காலை அசைப்பதை நிறுத்திவிட்டான். உரம் விழுந்திருக்கிறது என்று மாமியார் சேலையில் போட்டு உருட்டினார்; அழுகைதான் கூடியது. இப்போது முழங்கால் மூட்டிலிருந்து சீழ் எடுத்திருக்கிறார்கள். அதிலும் அதே பூஞ்சையாம், மாதக்கணக்கில் மருந்து வேண்டுமாம். அவன் நாக்கில் படிந்த வெள்ளையை நான் கவனிக்காமல் விட்டதால் வந்ததா? மதுரா கால் போலக் காலை எடுக்க வேண்டிவரும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார்.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உறவினரை முதலில் அனுப்பிவிடுவோம். மதுரா கால் என்பது வெறுங்காலுடன் நடப்பவர்களுக்கு முள் குத்திய வழியே மண்ணிலிருக்கும் கிருமி புகுந்து, வருடக்கணக்கில் பாதத்தை அரிக்கும் நோய். இன்னும் தரையில் கால் பதிக்காத உங்கள் மகனுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

நாக்கின் வெள்ளையும் காரணமில்லை. அது ஏராளமான கைக்குழந்தைகளுக்கு வந்து போவது. குறைமாதக் குழந்தையின் தோல் மெல்லியது, எதிர்ப்பு சக்தி முதிராதது. உயிரைக் காக்கப் பெரிய ரத்தக்குழாயில் போட்ட குழாயும், நாள்கணக்கில் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கும் கேண்டிடா என்ற பூஞ்சைக்கு வழிவிட்டிருக்கும். அவை இல்லாமல் அவன் பிழைத்திருக்க மாட்டான் என்பதையும் சேர்த்தே நினையுங்கள். ரத்தம் சுத்தமான பிறகும் சில கிருமிகள் எலும்பின் நுனியில் தங்கி, வாரங்களோ மாதங்களோ கழித்துத் தலைகாட்டும். ஒரு வயதுக்குள், எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டைத் தாண்டி நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஓடுவதால், எலும்பில் தொடங்கியது எளிதில் மூட்டுக்குள் இறங்கிவிடும்.

இடது கால் உதைத்துக்கொண்டே இருக்க, வலது கால் மட்டும் மடங்கியபடி கிடந்திருக்கும். துணி மாற்றும்போது வீறிட்டிருப்பான். காய்ச்சல் அடிக்காமலே இருந்திருக்கலாம். இந்த நோய் ஏமாற்றுவதே இப்படித்தான். மாமியார்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒரு கையையோ காலையோ அசைக்காத கைக்குழந்தையை உருட்டவும் கூடாது, எண்ணெய் தேய்த்து நீவவும் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூட்டில் மட்டும் தொற்று என்றால் குறைந்தது ஆறு வாரம் மருந்து. எலும்பிலும் இருந்தால் 6 முதல் 12 மாதம். முதலில் ஊசி, பிறகு பெரும்பாலும் ஃப்ளுகோனசோல் என்ற வாய்வழி மருந்து. பூஞ்சை மெதுவாக வளர்வது, மெதுவாகத்தான் போகும். மூன்றாவது வாரமே குழந்தை காலை உதைத்து விளையாடுவான். ‘சரியாகிவிட்டதே, எதற்கு இன்னும் மருந்து?’ என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். இன்னொன்று, மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. மூன்று கிலோவில் எழுதிய அளவு ஐந்து கிலோவில் போதாது. ஒவ்வொரு முறையும் எடை பார்த்து அளவைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையும் அவ்வப்போது தேவைப்படும். சளிக்கோ வேறெதற்கோ மருந்து எழுதுபவரிடம் இந்த மருந்து போவதைச் சொல்லிவிடுங்கள். சிலவற்றோடு இது ஒத்துப்போகாது.

இடுப்பு உட்பட மற்ற மூட்டுகளையும், கண்ணையும் இதயத்தையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். ரத்தத்தில் ஓடிய பூஞ்சை ஓரிடத்தோடு நின்றிருக்க வேண்டும் என்பதில்லை.

கால் குட்டையாகுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதுதான் மனதில் ஓடும். கால் வளர்வதில் பெரும்பகுதி முழங்காலைச் சுற்றியுள்ள வளர்ச்சித் தட்டுகளில்தான் நடக்கிறது. அவை சேதமாகியிருந்தால் நீளம் குறையலாம், கால் வளையலாம். இன்றைய எக்ஸ்ரேயில் அதை முழுதாகச் சொல்ல முடியாது. நடக்கத் தொடங்கும்போதும், பிறகு வளர்ச்சி முடியும் வரையும் எலும்பு டாக்டர் அளந்து பார்க்க வேண்டும். காலத்தில் கண்டால் திருத்த வழிகள் இருக்கின்றன.

தடுப்பூசிகளை இந்த மருந்துக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தொடையில் போடும் ஊசியை மட்டும் இடது பக்கம் போடச் சொல்லுங்கள்.