30 வகுப்பில் பேச்சுத் திக்கு போய்விடுமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 33. சின்ன வயதிலிருந்தே கொன்னை, அதாவது பேச்சில் திக்கு, உண்டு. நேரில் கதைக்கும்போது எப்படியோ சமாளிப்பேன். தொலைபேசியை எடுத்து என் பெயரைச் சொல்லப் போனால் அடைத்துவிடும். பதவி உயர்வுக்கு நேர்முகத் தேர்வு வருகிறது. பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் கண்டேன். 30 ஒன்லைன் வகுப்பில் முற்றாகச் சுகமாக்குவார்களாம், 90,000 ரூபாவையும் முதலே கட்டினால் கழிவு உண்டாம். லண்டனில் இருக்கும் அண்ணா காசு அனுப்புகிறேன் என்கிறார். கட்டலாமா?
– கொக்குவில் வாசகர்

பதில்: கட்டாதீர்கள், தம்பி. ‘முற்றாகச் சுகம்’ என்று ஒருவர் வாக்குக் கொடுத்தால், விலகி நிற்க அது ஒன்றே போதும். சின்னப் பிள்ளைகளுக்கு வரும் திக்கு பெரும்பாலும் வளர வளர விட்டுப்போகும். வளர்ந்த பிறகும் நிற்கும் திக்கை இத்தனை வகுப்பில் இல்லாமற் செய்வேன் என்று படித்த சிகிச்சையாளர் எவரும் சொல்லமாட்டார்.

அதற்காக மனம் தளர வேண்டாம். முதல் ஒலியை இறுக்காமல் மெல்லத் தொடங்கவும், அடைக்கும்போது தள்ளி உடைக்காமல் இளக்கி விடவும், வசனத்தின் நடுவே பயப்படாமல் நிறுத்தவும் பழகலாம். தவிர்த்துவந்த அழைப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கையில் எடுக்கலாம். தொலைபேசியும் சொந்தப் பெயரும் திக்கு உள்ள பலருக்கும் கடினமான இடங்கள்தான். வேறு சொல்லைப் போட்டுத் தப்பலாம், பெயரை எப்படி மாற்றுவது?

யாரிடம் போவது என்பதுதான் அடுத்த கேள்வி. ஆளுமைப் பயிற்சி, மேடைப் பேச்சுப் பயிற்சி என்று யாரும் பெயர்ப்பலகை போடலாம். மேடைக் கூச்சம் உள்ளவருக்கு அது உதவும், திக்குக்குப் போதாது. பேச்சு மொழிச் சிகிச்சை தனிப் படிப்பு. இலங்கையில் அது களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் 1997இல் டிப்ளோமாவாகத் தொடங்கிப் பின்னர் பட்டப்படிப்பானது. இங்கே தொழில் செய்பவரிடம் இலங்கை மருத்துவ சபையின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். சென்னையிலிருந்து நடத்துபவரென்றால் இந்திய மறுவாழ்வுச் சபையின் பதிவு வேண்டும். லண்டன் ஆளென்றால், சிகிச்சையாளர்களைப் பதிவு செய்யும் பிரித்தானிய அமைப்பான எச்.சி.பி.சி.யின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அது இணையத்தில் எல்லோரும் பார்க்கக்கூடியது, தேடும் வேலையை அண்ணாவிடம் கொடுங்கள். பதிவு இலக்கம் கேட்டதும் கோபப்படுபவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

காசு செலவில்லாத வழியை முதலில் பாருங்கள். யாழ் போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, பேச்சுச் சிகிச்சைக்கு அனுப்பும்படி கேளுங்கள். காத்திருக்க வேண்டும், அரைநாள் லீவு போகும். பேச்சுச் சிகிச்சை என்றால் பிள்ளைகளுக்குத்தான் என்ற எண்ணம் எங்கள் ஊரில் இன்னும் உண்டு. வளர்ந்தவர் வரிசையில் நிற்பதில் கூச்சப்பட எதுவுமில்லை.

தனியாரிடம்தான் என்றால், முதலில் மதிப்பீட்டுக்கு மட்டும் காசு கொடுங்கள். வாசிக்கும்போதும் சாதாரணமாகக் கதைக்கும்போதும் தொலைபேசியிலும் உங்கள் பேச்சை அவர் கேட்க வேண்டும். வேலையில் தமிழும் ஆங்கிலமும் கதைக்கிறீர்கள் என்றால் இரண்டையும் கேட்க வேண்டும். எந்தச் சந்தர்ப்பங்களைத் தவிர்க்கிறீர்கள் என்றும் விசாரிக்க வேண்டும். பத்து நிமிடம் கதைத்துவிட்டு ‘30 வகுப்பு’ என்றால் அது மதிப்பீடு அல்ல. முடிவில் இலக்கை எழுத்தில் வாங்குங்கள். ‘தன்னம்பிக்கை வளரும்’ என்பதை அளக்க முடியாது. ‘ஆறு கிழமைக்குள் மேசைக்கு வரும் அழைப்புகளை நானே எடுப்பேன்’ என்பதை அளக்கலாம். பிறகு நாலு நாலு அமர்வாகக் கட்டுங்கள். ஒரு அமர்வு எத்தனை நிமிடம், லைன் அறுந்தால் அந்த அமர்வு கணக்கில் சேருமா, ஒளிப்பதிவுகளை விளம்பரத்துக்கு எடுப்பார்களா என்பதை முதல் நாளே கேளுங்கள். வீட்டில் நாள்தோறும் பழகாவிட்டால் எவ்வளவு கட்டினாலும் வீண்.

நேர்முகத் தேர்வுக்கு ஒரு யோசனை. உட்கார்ந்ததும் ‘எனக்குத் திக்கு உண்டு, சில சொற்களுக்கு நேரம் எடுக்கும்’ என்று சொல்லிவிடுங்கள். மறைக்கும் பாரம் இறங்கினாலே பலருக்கு அடைப்பும் குறைகிறது.

ஏற்கனவே கட்டி ஏமாந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சேவைகளையும் உள்ளடக்கும். பொய் விளம்பரம் குற்றம். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபையிடம் எழுத்தில் முறையிட வேண்டும், விசாரிக்க 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். பற்றுச்சீட்டையும் விளம்பரத்தின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் இங்கிருந்து காசைத் திரும்ப எடுப்பது கடினம். முழுக்காசை முன்கூட்டியே கட்ட வேண்டாம் என்பது அதற்காகவும்தான்.

கேள்வி: வடமராட்சியில் ஆசிரியை. பின்னேரமும் வகுப்பு எடுக்கிறேன். இரண்டு மாதமாகத் தொண்டை கட்டியபடி. குரல் பயிற்சி வகுப்பில் சேரலாமா? இடுப்பில் கட்டும் ஒலிபெருக்கி வீண் செலவா?

பதில்: ரீச்சர், வகுப்பு பிறகு. குரல் கரகரப்பு நாலு கிழமை தாண்டினால் காது மூக்கு தொண்டை வைத்தியர் குரல்நாண்களைப் பார்க்க வேண்டும். ஓயாமல் கதைப்பவர்களுக்கு அங்கே சிறு முடிச்சுகள் வருவதுண்டு. முடிச்சென்றால் பெரும்பாலும் முதலில் குரல் சிகிச்சைதான், கத்தி வைப்பதில்லை. வேறு காரணமென்றால் பயிற்சி வகுப்பில் கழியும் ஒவ்வொரு மாதமும் நட்டம். அதுவரை கத்தவும் வேண்டாம், தொண்டையை இறுக்கிக் குசுகுசுக்கவும் வேண்டாம்.

ஒலிபெருக்கியைத் தயங்காமல் வாங்குங்கள், அது நல்ல செலவு. கடையிலேயே தலையில் மாட்டிக் கதைத்துப் பாருங்கள். கீச்சிட்டால் வேறொன்றைக் கேளுங்கள். ஒரு சார்ஜில் எத்தனை பாடவேளை தாங்கும், மைக் வயர் அறுந்தால் தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்து, உத்தரவாத அட்டையில் திகதி போட்டு வாங்குங்கள்.

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் வேலை. சென்னை வாடிக்கையாளர்கள் நான் சொல்வதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். யாழ்ப்பாண உச்சரிப்பை மாற்றும் வகுப்புக்குச் செலவழிக்கலாமா?

பதில்: உச்சரிப்பு நோயல்ல, அதைச் சிகிச்சை என்று விற்பவரை நம்பாதீர்கள். கூட்டத்தில் நீங்கள் கதைத்ததில் இரண்டு நிமிடத்தை அனுமதியோடு பதிவு செய்து, சென்னைப் பக்கம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பி, கேட்டதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். எங்கே தடக்குகிறது என்று தெரிந்துவிடும். வேகமும் வசன முடிவை விழுங்குவதும்தான் காரணமென்றால் நீங்களே திருத்தலாம். இரைச்சல்தான் காரணமென்றால், வகுப்புக்கு வைத்த காசில் நல்ல ஹெட்செட் ஒன்றை வாங்குங்கள்.

பேச்சு திடீரென்று குழறுவதும் வாய் ஒரு பக்கம் கோணுவதும் வேறு கதை. பாரிசவாதமாக இருக்கலாம். உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.