ஜெர்மனி, ஸ்வீடன் இரண்டிலும் மகப்பேறு விடுப்பு தாராளம்தானே? பிறகு ஏன் ஜெர்மனியில் மட்டும் இத்தனை அம்மாக்கள் பகுதிநேர வேலையோடு நின்றுவிடுகிறார்கள்?

விடுப்பில் தேடினால் விடை கிடைக்காது. சம்பளச் சீட்டில் தேடுங்கள்.

ஜெர்மனியில் கணவன், மனைவி வருமானத்தைக் கூட்டி, பாதியாக்கி, அந்தப் பாதிக்குரிய வரியை இரண்டால் பெருக்கிக் கட்டலாம். 1958 முதல் இதுதான் ஏற்பாடு. ஒருவர் அதிகமாகவும் மற்றவர் சொற்பமாகவும் சம்பாதித்தால் கொள்ளை லாபம். இருவரும் சமமாகச் சம்பாதித்தால் ஒன்றும் மிஞ்சாது. வீட்டிலிருந்த அம்மா வேலைக்குப் போனால், கணவர் சம்பளம் ஏற்றிவைத்த விகிதத்தில் முதல் ஈரோவிலிருந்தே வரி.

மாதப் பிடித்தத்தில் இன்னும் மோசம். சம்பளத்தில் மாதாமாதம் எவ்வளவு வரி பிடிப்பது என்பதை 'வரி வகுப்பு' தீர்மானிக்கிறது. பல வீடுகளில் கணவருக்கு வகுப்பு 3, மனைவிக்கு 5. இருவருடைய அடிப்படை வரிவிலக்கும் கணவர் சீட்டுக்கே போய்விடும். 'வருடக் கடைசியில் சரியாகிவிடும்' என்பார்கள். வரி சரியாகும், எல்டர்கெல்ட் (குழந்தை பிறந்தபின் பெற்றோருக்கு அரசு தரும் உதவித்தொகை) ஆகாது. அது பெரும்பாலோருக்குக் கைச்சம்பளத்தில் 65 முதல் 67 விழுக்காடு, மாதம் அதிகபட்சம் 1,800 ஈரோ. வகுப்பு 5-இல் கைச்சம்பளம் சுருங்கினால் இதுவும் சுருங்கும், பிறகு யாரும் ஈடுகட்ட மாட்டார்கள். வகுப்பை மாற்றுவதானால், பிரசவ விடுப்பு தொடங்கும் மாதத்துக்கு முன் ஏழு மாதமாவது புதிய வகுப்பில் இருக்க வேண்டும். விடுப்பே பிரசவ தேதிக்கு ஆறு வாரம் முன் தொடங்கிவிடுவதால், கர்ப்பம் உறுதியானதுமே படிவம் போகவேண்டும்.

அடுத்த பொறி மினிஜாப், அதாவது மாத வருமானத்துக்கு உச்சவரம்பு உள்ள சிறு வேலை. உச்சவரம்புக்குள் (2025-இல் மாதம் 556 ஈரோ) சம்பாதித்தால் பெரும்பாலும் கையிலிருந்து வரி போகாது, கணவரின் அரசு மருத்துவக் காப்பீட்டிலேயே இலவசமாக இருக்கலாம். வரம்பைத் தாண்டினால் இரண்டும் போச்சு. அதனால் பலர் தாண்டுவதில்லை. ஓய்வூதியமும் அந்த அளவுக்குத்தான் சேரும்.

ஸ்வீடன் 1971-லேயே ஆளுக்கு ஆள் தனி வரி என்று மாற்றிவிட்டது. 480 நாள் விடுப்பில் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 90 நாள் மாற்றித்தர முடியாதது. 2002 முதல் குழந்தைகள் காப்பகக் கட்டணத்துக்கு உச்சவரம்பும் உண்டு.

ஜெர்மனியில் ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் காப்பக இடம் 2013 ஆகஸ்ட் முதல் சட்ட உரிமை. உரிமை இருக்கிறது, இடம்தான் பல ஊர்களில் இல்லை.

ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு ஒன்று: சாதாரணப் பகுதிநேரத்துக்கு மாறினால் முழுநேரத்துக்குத் திரும்பும் உரிமை தானாக வராது. 45 பேருக்கு மேல் உள்ள நிறுவனமாக இருந்து, நீங்கள் ஆறு மாதத்துக்கு மேல் அங்கே வேலை செய்திருந்தால், 2019-இல் வந்த 'ப்ரூக்கன்டைல்ட்சைட்' (காலம் முடிந்ததும் பழைய வேலைநேரத்துக்குத் திரும்பும் உரிமையுள்ள பகுதிநேரம்) கேளுங்கள். ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை காலத்தைக் குறிப்பிட்டு, மூன்று மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.