மனநோய் என்று ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்ட என் கணவருக்கு டிசபிலிட்டி பென்ஷன் மறுத்துவிட்டார்கள். அப்பீல் போட்டால் பலன் உண்டா?

உண்டு, சகோதரி. கட்டாயம் போடுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: கணவருக்கு 12 வருட சர்வீஸ். நடுவில் காஷ்மீரில் இருந்தார், பீஸ் ஸ்டேஷனுக்கு, அதாவது சண்டை இல்லாத அமைதிப் பகுதிக்கு வந்த பிறகு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்று சொல்லி 2019-ல் போர்டு அவுட் செய்துவிட்டார்கள், மெடிக்கல் போர்டு வழியாகப் பணியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பாதிப்பு 40 சதவீதம். ஆனால் நோய் பணியால் வந்ததும் இல்லை, பணியால் அதிகமானதும் இல்லை என்று மெடிக்கல் போர்டு எழுதிவிட்டதால் இன்வாலிட் பென்ஷன் மட்டும் வருகிறது, டிசபிலிட்டி தொகை இல்லை. முதல் அப்பீலும் தள்ளுபடி.

நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவன். வேலூர்ப் பக்கம். எங்கள் ஊர்களில் தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர் இருப்பார்கள், பென்ஷன் பேப்பர் என்றால் என்னிடம் கொண்டுவருவார்கள். கால் போனவர், காது கேட்காதவர் எல்லாம் விடாமல் போராடுவார்கள். மனநோய் கேஸில்தான் மறுப்புக் கடிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். நாலு பேருக்குத் தெரிந்தால் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் அமையாதே என்ற பயம். ஜெயிக்க வேண்டிய கேஸ் இப்படி வீணாவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

முதலில் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கணவர் வெளியே வந்த சமயத்தில் நடைமுறையில் இருந்தவை 2008-ம் வருட விதிகள். 2023 செப்டம்பரில் வந்த புதிய விதிகள் அதற்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குத்தான். அதற்கும் முந்தைய 1982-ம் வருட விதிப்படி, சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் குறை எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நல்ல உடல்நிலையிலும் மனநிலையிலும் சேர்ந்ததாகத்தான் கொள்ள வேண்டும்; 2008 விதிகளில் அந்த வாசகம் இல்லை. ஆனால் நோய் பணியால் வந்தது என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை என்பது 2008 விதியிலும் பொதுவாக உண்டு. சந்தேகம் இருந்தால் அதன் பலனும் அவருக்கே என்றது 1982 விதி. சேரும்போதே இருந்த நோய், அப்போது கண்டுபிடித்திருக்க முடியாது என்று போர்டு நினைத்தால், அதற்கான காரணத்தை எழுத வேண்டும் என்றும் அதில் இருந்தது. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1982 விதிகளை வைத்து இதையெல்லாம் தெளிவாகச் சொன்னது. அது வலிப்பு நோய் வழக்கு. இருந்தாலும் மனநோய் கேஸ்களிலும் வக்கீல்கள் முதலில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

அதனால் உங்கள் முதல் வேலை, போர்டு என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. கணவரின் சர்வீஸ் பேப்பர்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை மனு) போட்டு முழு மெடிக்கல் போர்டு புரொசீடிங்ஸ், ஆஸ்பத்திரி கேஸ் ஷீட், சேரும்போது எடுத்த மெடிக்கல் பேப்பர், மூன்றையும் கேளுங்கள். கூடவே ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 10 என்ற படிவத்தையும் தவறாமல் கேளுங்கள். மனநல மருத்துவரிடம் அனுப்பும்போது யூனிட் கமாண்டிங் ஆபீசர் எழுதிக் கொடுப்பது அது.

எங்கள் ஊர்ப் பையன் ஒருவனின் ஃபைலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். போர்டு பேப்பரில் காரணம் என்ற இடத்தில் ‘கான்ஸ்டிட்யூஷனல் டிசார்டர், சர்வீஸுக்குத் தொடர்பில்லை’ என்று ஒரே வரி. பிறவிக் கூறு என்று அர்த்தம். ஏன், எதை வைத்து என்று ஒரு வார்த்தை கிடையாது. கேஸ் ஷீட்டில் தாய்மாமன் ஒருவருக்கும் இப்படி இருந்ததாக ஒரு குறிப்பு. மகன் இருந்த நிலையைப் பார்த்துக் கலங்கிப்போய் டாக்டரிடம் அப்பா சொன்னது அது. ஆனால் அந்த 10-ம் நம்பர் படிவத்தில் அவனுடைய ஆபீசர், நல்ல வேலைக்காரன், எல்லையில் தனிப் போஸ்டில் இருந்த காலத்தில்தான் தூக்கம் கெட்டு யாரோடும் பேசாமல் ஆனான் என்று எழுதியிருந்தார். அந்த இரண்டு வரிதான் அவன் கேஸை நிமிர்த்தியது. ராணுவத் தீர்ப்பாயத்தில் பென்ஷன் கிடைத்தது.

ராணுவ மருத்துவர்களுக்கான வழிகாட்டி நூலின் 2008 திருத்தத்திலேயே இருக்கிறது: போர்முனை, தீவிரவாத எதிர்ப்புப் பகுதி, உயரமான மலைப்பகுதி, தன்னந்தனி போஸ்ட் போன்ற இடங்களில் இருக்கும்போது மனநோய் தொடங்கினால் பணியால் வந்ததாக ஏற்க வேண்டும். உங்கள் கணவருக்கு நோயைக் கண்டுபிடித்த இடம் பீஸ் ஸ்டேஷன். தொடங்கிய இடம் எது என்பதுதான் கேள்வி. காஷ்மீரிலிருந்து லீவில் வந்தபோது எப்படி இருந்தார், போனில் என்ன சொன்னார், லீவு கேட்டு மறுத்தார்களா, எல்லாவற்றையும் மாதம், வருடத்தோடு இப்போதே எழுதி வையுங்கள்.

எல்லாக் கேஸும் ஜெயிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு ஸ்கிசோஃப்ரினியா வழக்கைத் தள்ளியது. சேர்ந்து சில வருடத்திலேயே வெளியே வந்தவர், பீஸ் ஸ்டேஷனில் வாகன மெக்கானிக். சேரும்போது நோய் தெரியவில்லை என்பது மட்டும் போதாது, ஒவ்வொரு கேஸையும் தனியாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். அரசுத் தரப்பு இதைத்தான் உங்களுக்கு எதிராகக் காட்டும். ஆனால் 12 வருடமும் காஷ்மீரும் அந்தக் கேஸில் இல்லை. தவிர, 2025 மே மாதம் இன்னொரு ஸ்கிசோஃப்ரினியா வழக்கில் அதே நீதிமன்றம், போர்டு காரணம் எழுதாவிட்டால் அந்த மறுப்பு செல்லாது என்று சொல்லிப் பென்ஷன் கொடுக்க உத்தரவிட்டது. உங்கள் வக்கீல் கையில் இந்த இரண்டு தீர்ப்பும் இருக்க வேண்டும்.

அடுத்தது இரண்டாவது அப்பீல். முதல் அப்பீல் மறுப்பு வந்து ஆறு மாதத்துக்குள் போடுங்கள். அதுவும் போனால் சென்னையில் இருக்கும் ராணுவத் தீர்ப்பாயம், ஏ.எஃப்.டி. என்பார்கள். அப்பீல் கமிட்டியில் பேப்பரை மட்டும் பார்த்து முடித்துவிடுவார்கள். தீர்ப்பாயத்தில்தான் உங்கள் தரப்பை நேரில் வாதாட முடியும். தாமதமானாலும் பென்ஷன் விஷயம் என்பதால் பொதுவாகக் கதவு மூடாது. ஆனால் அரியர், அதாவது பழைய பாக்கி, மனு போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும் என்று பல வழக்குகளில் குறைத்திருக்கிறார்கள். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் போகலாம்.

ஜெயித்தால் 40 சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடுவார்கள். மனுவிலேயே இதைக் கேட்கச் சொல்லுங்கள். 100 சதவீதத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பதால், 50-க்குப் பதினைந்து.

கணவர் கையெழுத்துப் போடும் நிலையில் இல்லை என்றால் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மனைவி என்ற முறையில் அவர் சார்பாக நீங்களே மனு போட வழி இருக்கிறது. போர்டு பேப்பர் வந்ததும், பெயரையும் ஆர்மி நம்பரையும் மறைத்துவிட்டு, காரணம் எழுதியிருக்கும் பக்கத்தை மட்டும் கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.