காதலும் மாயமும் கலந்த இளையோர் நாவல்கள் வாசிக்கத் தகுந்தவையா?

உயர்தர வகுப்பில் படிக்கும் உங்கள் மகள் ஆங்கிலத்தில் வரும் காதலும் மாயமும் கலந்த இளையோர் நாவல்களையே ஓயாமல் வாசிக்கிறாள் என்றும், அவற்றில் உருப்படியாக ஏதேனும் இருக்கிறதா, காசு கொடுத்து வாங்கிக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது என்பதே என் பதில். ஆனால் அந்த அலமாரியில் உள்ள எல்லாவற்றுக்கும் அந்தப் பதில் பொருந்தாது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் அக்காவின் மகளும் நானும் இந்த நாவல்களை மாறி மாறி வாசித்து, சாப்பாட்டு மேசையில் வாதாடி வருகிறவர்கள். அவளுடைய கருத்துகளில் சிலவற்றை நான் ஏற்றுக்கொண்டதில்லை. என்னுடையவற்றில் பலவற்றை அவளும் ஏற்றுக்கொண்டதில்லை. முடிவைச் சொல்லாமல் ஒரு நாவலை மதிப்பிட எனக்குத் தெரியாது. ஆகவே, கதையின் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் இதற்கு மேல் வாசிக்காமல் விடுவது நல்லது.

இவ்வகை நாவலை அதன் மொழிநடையை வைத்தோ, அதில் எத்தனை முத்தங்கள் வருகின்றன என்பதை வைத்தோ நான் எடைபோடுவதில்லை. கதாநாயகிக்கு ஒரு சக்தி கிடைக்கிறது, ஒரு காதல் கிடைக்கிறது. இரண்டுக்கும் அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்பதைத்தான் பார்க்கிறேன். நம்முடைய கதைகளில் வரம் என்றால் அதனுடன் ஒரு நிபந்தனையும் வரும். பகலிலும் சாகாத, இரவிலும் சாகாத இரணியனுக்கு அந்திப்பொழுது காத்திருக்கும். சாபம் என்றால் அதற்கு ஒரு விமோசனம் இருக்கும். அந்தக் கணக்கைக் கேட்டு வளர்ந்த வாசகருக்கு விலையில்லாத மாயம் பாதியில் விட்ட கதையாகவே படும்.

இன்னும் நேராகச் சொல்வதானால், காதலும் மாயமும் கலந்த இளையோர் கதை நமக்குப் புதிதே அன்று. மணிமேகலையை அந்தக் கண்ணோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இளம் பெண் ஒருத்தியைத் தெய்வம் மணிபல்லவத் தீவுக்குத் தூக்கிச் செல்கிறது. அந்தத் தீவு நம்முடைய நயினாதீவே என்று கருதுவோர் பலர். வேற்றுருக் கொள்ளவும், வானில் செல்லவும், பசியைத் தாங்கவும் மந்திரங்கள் அவளுக்குக் கிடைக்கின்றன. சோழ இளவரசன் உதயகுமாரன் அவளைத் துரத்துகிறான். முற்பிறவியில் அவன்தான் தன் கணவன் என்பது அவளுக்குத் தெரியும். அவனிடம் தன் மனம் செல்வதையும் அவள் அறிவாள். அவனிடமிருந்து தப்பக் காயசண்டிகையின் உருவை எடுக்கிறாள். அந்த மாற்றுருவே அவனுக்கு எமனாகிறது. தன் மனைவியை இளவரசன் நாடுகிறான் என்று நினைத்த காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவனை வெட்டி வீழ்த்துகிறான். தன்னைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்திய மந்திரமே, தன் மனம் சென்ற ஒருவனின் உயிரைப் பறிக்கிறது. இப்படியொரு முடிச்சை இன்றைய நாவல்களில் போடத் தெரிந்தவர்கள் சிலரே.

இப்போது ‘ட்வைலைட்’ தொடருக்கு வருகிறேன். ஸ்டெபனி மேயரின் முதல் நாவல் 2005 இல் வந்தது. அதைத் திட்டுவது இலக்கிய வாசகர்களிடையே ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. நான் முழுவதுமாகத் திட்ட மாட்டேன். பதினேழு வயதில் ஒரு முகம் மற்ற எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு நிற்குமே, அந்த நிலையை முதல் பாகம் உண்மையாகவே பிடித்திருக்கிறது. என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. இரத்தக் காட்டேரியாக மாறினால் பெற்றோரைப் பிரிய வேண்டும், புதிதாக மாறியவர்களால் தாகத்தை அடக்க முடியாது என்று மூன்று பாகங்களாக நம்மைப் பயமுறுத்திவிட்டு, 2008 இல் வந்த நான்காம் பாகத்தில், என்றும் பதினேழு வயதாகவே இருக்கும் காட்டேரியைக் காதலிக்கும் கதாநாயகி பெல்லாவுக்கு மட்டும் எல்லாவற்றிலிருந்தும் விலக்கு அளித்துவிடுகிறார்கள். அப்பாவும் கூடவே இருக்கிறார், தாகமும் முதல் நாளிலேயே அடங்கிவிடுகிறது, பெரும் போர் என்று எதிர்பார்க்க வைத்ததும் பேச்சுவார்த்தையாக முடிகிறது. கடையில் விலையைப் பேசி முடித்த பிறகு முதலாளி பொருளை இனாமாகவே தந்துவிட்டது போல இருந்தது எனக்கு. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் பொருளின் மீதுதான் சந்தேகம் வந்தது.

இதற்கு நேர் எதிரே நிற்கும் சிறிய நாவல் ஒன்று உண்டு. நாட்டலி பாபிட் 1975 இல் எழுதிய ‘டக் எவர்லாஸ்டிங்’ சிறுவர் நாவலாகவே வெளிவந்தது. அதிலும் என்றும் பதினேழு வயதாகவே இருக்கும் ஒருவன் வருகிறான். உண்மையில் அவனுக்கு நூற்றி நான்கு வயது. சாகாவரம் தரும் ஊற்றின் நீரைப் பத்து வயதுச் சிறுமியிடம் கொடுத்து, பதினேழு வயது வந்ததும் குடித்துவிட்டுத் தன்னிடம் வந்துவிடும்படி சொல்கிறான். அவளோ அந்த நீரை ஒரு தேரையின் மேல் ஊற்றிவிடுகிறாள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அவனுடைய பெற்றோர் அந்த ஊருக்குத் திரும்பி வரும்போது அவளுடைய கல்லறையைத்தான் காண்கிறார்கள். மனைவியாகவும் தாயாகவும் வாழ்ந்து முடித்தவள் என்று அதில் எழுதியிருக்கிறது. ‘ட்வைலைட்’ வாசித்து முடித்த பிள்ளைக்கு அடுத்ததாகக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான புத்தகம் எனக்குத் தெரியவில்லை. பெற்றோர் புத்திமதி சொல்ல வேண்டிய அவசியமே இராது.

ஒரு பெண், இரண்டு ஆண்கள் என்ற முக்கோணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரும்பாலான நாவல்களில் அது பக்கத்தை நிரப்பும் வேலையைத்தான் செய்கிறது. சுசான் கொலின்ஸின் ‘ஹங்கர் கேம்ஸ்’ விதிவிலக்கு. பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்ல வைத்துத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பும் போட்டி ஒன்றைப் பற்றிய கதை அது. அதில் காதலே உயிர்பிழைக்கும் தந்திரமாக இருக்கிறது. தொலைக்காட்சிக் கமரா முன்னால் முத்தம் கொடுத்தால் வானிலிருந்து சூப் இறங்கி வருகிறது. தன் மனதில் இருப்பது அன்பா, நடிப்பா என்று கதாநாயகி காட்னிஸுக்கே தெரியாமல் போகிறது. மூன்றாம் பாகத்தில் அவளுடைய தங்கையைக் கொல்லும் குண்டு, சிறுவயதுத் தோழன் கேல் வகுத்த திட்டத்தின்படி செய்யப்பட்டதாக இருக்கலாம். அவனாலும் அதை உறுதியாக மறுக்க முடியவில்லை. அதன் பிறகு அவள், போட்டியில் தன்னோடு இருந்த பீட்டாவிடம் செல்வது இரண்டு பையன்களில் அழகானவன் யார் என்ற தேர்வாக இல்லை. வெற்றிக்காக எதையும் செய்யலாமா என்ற கேள்விக்கு அவள் தன் வாழ்க்கையால் சொன்ன பதில் அது.

என்னை அதிகம் உறுத்துவதும், அதிகம் ஈர்ப்பதும் எதிரியே காதலனாகும் கதைகள்தான். இன்று இவ்வகை நாவல்களில் மிகுதியாக விற்பனையாவதும் அதுவே. போர் முடிந்த 2009 இல் கைக்குழந்தைகளாக இருந்தவர்களும் அதற்குப் பின் பிறந்தவர்களும் இக்கதைகளை வாசிக்கும் விதம் வேறு. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபடி வரிசையில் நின்று வளர்ந்த என் போன்றவர்கள் வாசிக்கும் விதம் வேறு. எங்களுக்கு எதிரி என்பவர் கறுப்பு மேலங்கியும் வெட்டும் பார்வையும் கொண்ட இளவரசராகத் தோன்றுவதில்லை. ஊரை எரித்த படையின் தலைவனை நூறு பக்கங்களுக்குள் மன்னித்துக் கட்டியணைக்கும் கதாநாயகியைக் கண்டால் புத்தகத்தை மூடிவிடத் தோன்றுகிறது. டோமி அடெயெமியின் ‘சில்ட்ரன் ஒஃப் பிளட் அண்ட் போன்’ (2018) மேற்கு ஆபிரிக்காவின் யொரூபா மரபிலிருந்து ஓர் அருமையான உலகைக் கட்டுகிறது. ஆனால் தன் தாயைக் கொல்லக் கட்டளையிட்ட அரசனின் மகனோடு கதாநாயகி நெருங்கும் வேகம் என்னால் நம்ப முடியாததாக இருந்தது. பின்னர் அந்த நெருக்கத்தை நாவலே உடைக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. “சித்தி, அது வெறும் கதைதானே” என்று அக்காவின் மகள் சொல்கிறாள். வெறும் கதை என்றால் அவள் ஏன் அதற்காக இரவு முழுவதும் விழித்திருந்தாள் என்பதற்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.

அதே எதிரிக் காதலை முறையாக எழுத முடியும் என்பதற்கு லீ பார்டுகோவின் ‘சிக்ஸ் ஒஃப் குரோஸ்’ (2015) சாட்சி. அதில் மத்தியாஸ் என்ற இளைஞன், மந்திர ஆற்றல் உள்ளவர்களை வேட்டையாடுவதற்கென்றே வளர்க்கப்பட்டவன். நீனா அந்த ஆற்றல் உள்ளவள். அவனுடைய வெறுப்பு ஒரு முத்தத்தில் கரைந்துவிடுவதில்லை. அவள் சாப்பிடுவது, சிரிப்பது, உடுத்துவது எல்லாமே அவனுக்கு முறைகேடாகத் தெரிகின்றன. வெறுப்பு என்பது கொள்கையாக மட்டுமன்றி அன்றாடப் பழக்கமாகவும் ஒருவனுக்குள் எப்படி ஊறியிருக்கும் என்பதை இந்த நாவல் பொறுமையாகக் காட்டுகிறது. நீனாவும் குற்றமற்றவள் அல்லள்; அவளுடைய பொய்ச் சாட்சியத்தால் அவன் சிறைக்குப் போயிருக்கிறான். அந்தப் பொய்யை அவள் அவனைக் காப்பாற்றுவதற்காகவே சொன்னாள் என்பது அவனுக்கு வெகு காலம் தெரியாது. இரண்டாம் பாகமான ‘குரூகட் கிங்டம்’ (2016) முடியும்போது, அவனைப் போலவே வெறுக்கக் கற்பிக்கப்பட்ட ஒரு சிறுவனின் கையால் அவன் சாகிறான். அந்த முடிவை அக்காவின் மகள் இன்னும் மன்னிக்கவில்லை. எனக்கோ, ஒருவன் மனம் மாறிவிட்டால் அவனை வளர்த்த கூட்டமும் மாறிவிடும் என்று பொய் சொல்லாத அந்த நேர்மைக்காகவே நாவல் பிடித்துப்போயிற்று.

அதே நாவலில் காஸும் இனேஜும் இருக்கிறார்கள். இறந்த அண்ணனின் உடலைப் பற்றிக்கொண்டு கடலில் மிதந்து கரைசேர்ந்த சிறுவன் காஸ். பிறர் தோல் தன்மேல் படுவதை அவனால் தாங்க முடியாது, எப்போதும் கையுறை அணிந்திருப்பான். இனேஜ் விற்கப்பட்டு, தன் உடல் மீதான உரிமையை இழந்து மீண்டவள். அவன் தன் கவசத்தைக் கழற்றிவிட்டு வந்தால் வரட்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்கிறாள். அவளுடைய காயத்துக்கு அவன் கட்டுப்போடும் காட்சியில், பல நாவல்களின் படுக்கையறைக் காட்சிகளில் இல்லாத நெருக்கம் இருக்கிறது.

ஹொலி பிளாக்கின் ‘த குரூயல் பிரின்ஸ்’ (2018) பற்றி எனக்கு அரை மனதுதான். அதன் மாய விதி அற்புதமானது: அந்த உலகத்துத் தேவதை இனத்தாரால் பொய் சொல்ல முடியாது, மனிதப் பெண்ணான ஜூடால் முடியும். மற்ற எல்லாவற்றிலும் பலவீனமானவளுக்கு அது ஒன்றே ஆயுதம். அதை வைத்து அவள் அரசியல் செய்யும் பக்கங்களில் சாணக்கியரே தலையசைப்பார். ஆனால் அவளை வதைத்த இளவரசன், தானும் சிறுவயதில் வதைபட்டவன் என்று காட்டி நம் இரக்கத்தைக் கேட்கும் இடங்களில் எழுத்தாளர் அவசரப்படுகிறார்.

பெற்றோர் என்ற முறையில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அட்டையைப் பார்த்து வயதைத் தீர்மானிக்காதீர்கள். சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஒஃப் தோர்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ 2015 இல் இளையோர் நாவலாகவே வெளியானது. அதன் அடுத்தடுத்த பாகங்கள் வெளிப்படையாக வயதுவந்தோருக்கானவை, 2020 இல் அவற்றைப் புதிய அட்டையுடன் வயதுவந்தோர் வரிசைக்கே மாற்றிவிட்டார்கள். பழைய அட்டையுடன் கூடிய பிரதிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ (2023) இராணுவக் கல்லூரி, டிராகன் என்று பிள்ளைகளுக்கான கதை போலத் தோன்றினாலும் கதாநாயகிக்கு இருபது வயது, எழுத்தும் அந்த வயதுக்கும் மேற்பட்டவர்களுக்கானது. மகள் ஏற்கெனவே வாசித்துவிட்டிருந்தால் பறித்து வைப்பதால் பயன் இல்லை. நீங்களும் வாசித்துவிட்டுப் பேசுங்கள்.

வாங்குவது பற்றி. ரூபாய் 2022 இல் சரிந்த பிறகு இறக்குமதிப் புத்தகம் எதையும் யோசிக்காமல் வாங்கும் நிலை இல்லை. ஏழெட்டுப் பாகத் தொடர் என்றால் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சி வரை பொறுத்தால் கழிவு விலையில் கிடைக்கும். மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் முதல் பாகங்கள் அகப்படும். தொடரின் மற்றப் பாகங்கள் அதே கடையில் இருக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். நடைபாதையில் மிக மலிவாக விற்கப்படும் களவுப் பதிப்புகளில் பக்கங்கள் இடம் மாறியும் விடுபட்டும் இருக்கும், ஆகவே காசு கொடுப்பதற்கு முன் கடைசி அத்தியாயம் வரை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ‘சிக்ஸ் ஒஃப் குரோஸ்’ வாங்குங்கள். தொடக்கத்தில் பெயர்களும் நாடுகளும் குவிந்து கொஞ்சம் குழப்பும். கதையின் முக்கிய பாத்திரங்களான ஆறு பேரும் கப்பலேறும் வரை பொறுக்கும்படி மகளிடம் சொல்லிவிடுங்கள். அதே எழுத்தாளரின் முந்திய தொடரை வாசிக்காவிட்டாலும் இது புரியும். அவள் வாசித்து முடித்ததும் நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்; மத்தியாஸின் முடிவு நியாயமா என்று அவளுடன் வாதாட உங்களுக்கும் ஏதாவது இருக்கும்.