பதில்: மகனுக்கு எந்தச் செய்தியைக் காட்டுவது?

தரம் 7 படிக்கும் மகன் வட்ஸ்அப்பில் வரும் "இரணைமடுக் குளம் உடையப்போகுது" வகைச் செய்திகளை அப்படியே நம்புகிறான் என்று எழுதியிருந்தீர்கள். போனைப் பறிக்க வேண்டாம், ஒளித்துத்தான் பார்ப்பான்.

மழைச் செய்தியிலேயே பழக்குங்கள். வன்னியில் மாரிக்குக் கதை கட்டுவதற்குக் குறைவில்லை, சரிபார்ப்பதும் சுலபம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் தமிழிலும் வரும். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 தொலைபேசி இலக்கம் இருக்கிறது. வான்கதவு திறந்த படம் வந்தால் எந்தக் குளம், எந்த ஆண்டு, முதலில் போட்டது யார் என்று அவனையே தேட விடுங்கள். 2018 டிசம்பர் வெள்ளப் படத்தை இன்றைக்கு எடுத்ததென்று யாரும் அனுப்பலாம்.

வாரத்தில் ஒருநாள் நூலகத்தில் வீரகேசரி, உதயன், தினகரன் மூன்றிலும் ஒரே செய்தியை வாசிக்கச் சொல்லுங்கள். தினகரன் அரச நிறுவனத்தின் பத்திரிகை என்பதும் அவனுக்குத் தெரியட்டும். தலைப்புகளே வேறு வேறாக இருக்கும், அதைப் பார்த்தாலே பிள்ளைக்குப் பாதி விளங்கிவிடும்.

பாட ஒப்படைக்குக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் போதும். ஊர் வரலாறு என்றால் "நூலகம்" என்ற இணையத்தளம் (noolaham.org). பழைய ஈழத்து நூல்கள், பத்திரிகைகள் இலவசமாகக் கிடைக்கும்.

அப்புறம், குடும்பக் குழுவில் பெரியவர்கள் அனுப்புவதையும் கொஞ்சம் பாருங்கள். அங்கேயிருந்துதான் பாதி வருகிறது.